வாரத்தில் மூன்று நாள் உத்தியோகம்

எல்லாம் கோணலாகத் தொடங்கியது காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு. தாம்பரம் ஸ்டேஷன் கடிகாரத்தில் பார்த்தேன். எட்டு பத்துக்குக் கிளம்ப வேண்டிய எலெக்ட்ரிக் ட்ரெயின் இன்னும் பிளாட்பாரத்துக்கே வரவில்லை. அது நேரத்துக்குக் கிளம்பியிருந்தால் எதிர்வீட்டு அக்கா படியிறங்கி வருவதற்குள் நாங்கள் போயிருப்போம். நானும் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

என் மகள் புதுக் கைத்தறிச் சேலை கட்டி, கையில் மூன்றடுக்கு கேரியருடன் நின்றாள். இருபத்தொரு வயது. கடைசி வருடப் படிப்பின் நடுவில் ஒருநாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, பேச்சு இல்லை. கடைசியில் பட்டணத்து மனநல மருத்துவமனை வார்டில் ஐந்து வாரம் இருந்துவிட்டு, பத்து நாள் முன்புதான் வீட்டுக்கு வந்திருந்தாள். அந்த ஐந்து வாரமும் அவள் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டில் டைப்ரைட்டிங் படிப்பதாக ஊருக்குச் சொல்லியிருந்தோம்.

எதிர்வீட்டு அக்கா எங்கள் திருச்சபையின் பெண்கள் சங்கச் செயலாளர். அவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டால் தனியாக நோட்டீஸ் அடிக்கத் தேவையில்லை.

"என்னம்மா, காலையிலேயே அம்மாவும் பொண்ணுமா? கேரியர் எல்லாம் பலமா இருக்கு?"

"வேலைக்கு அக்கா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. கேரியரைப் பார்த்ததும் அந்த வார்த்தை தானாக வந்துவிட்டது.

"வேலையா! டைப்ரைட்டிங் படிச்சது வீண்போகல பாத்தியா! எங்க?"

"சிட்டியில."

வண்டி வந்தது. லேடீஸ் பெட்டியில் ஏறி உட்கார்ந்ததும் என் மகள், பல நாளைக்குப் பிறகு, என்னை நேராகப் பார்த்தாள்.

"எனக்கு என்ன போஸ்ட் அம்மா?"

உண்மையில் நாங்கள் போய்க்கொண்டிருந்த இடத்துக்கே எனக்குச் சரியான பெயர் தெரியாது. டாக்டர் அதைப் பகல் பிரிவு என்றார்.

"வார்டு ஒரு கோடி. மாசத்துக்கு ஒரு தடவை வந்து மாத்திரை வாங்கிட்டுப் போறது இன்னொரு கோடி. வார்டுலயே வச்சிருக்கணும்னு இப்ப அவசியம் இல்லை. மாசத்துக்கு ஒரு தடவை போதும்னும் சொல்ல முடியாது. அதனால நடுவுல இது. திங்கள், புதன், வெள்ளி. பத்திலேருந்து மூணு மணி வரைக்கும் இங்க. சாயங்காலம் அவங்க வீடு, அவங்க படுக்கை. மூணு மாசம் பாப்போம்."

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தேறியவள், தேறாதவள் என்று இரண்டே வகைதான் எனக்குத் தெரியும். உடம்பு விஷயத்திலும் அப்படித்தான் பழகியிருந்தோம்: ஒன்று சௌக்கியம், இல்லையென்றால் ஆஸ்பத்திரி. திங்கட்கிழமை ஆஸ்பத்திரி, செவ்வாய்க்கிழமை சௌக்கியம் என்றால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

முதல் நாள் என்னையும் உள்ளே உட்காரச் சொன்னார்கள். நீளமான ஒரு ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். பத்து மணிக்குச் சிஸ்டர் வந்து உட்கார்ந்ததும் ஒவ்வொருவராக, நேற்று எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அந்த வெயிலிலும் கோட்டுப் போட்டிருந்த ஒரு பெரியவர் எழுந்தார். ரிட்டையர்டு ஹெட் கிளார்க்.

"நேற்று வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒன்பது முறை பார்த்தேன். அதற்கு முந்தின நாள் பதினான்கு."

எல்லாரும் தலையாட்டினார்கள். அடுத்து ஒரு லாரி டிரைவர். "நேத்து அழுவல சிஸ்டர். சும்மா குந்திகினு இருந்தேன்." அதற்கும் தலையாட்டினார்கள். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் பேசவில்லை. பேச்சு நின்று இரண்டு மாதமாம். அவருக்குரிய நேரத்தை அவருக்கு விட்டுக் காத்திருந்தார்கள். பிறகு என் முறை.

"நான் பேஷன்ட் இல்ல சிஸ்டர். அம்மா."

"அம்மாவுக்கும் நேத்துன்னு ஒண்ணு இருந்திருக்குமே?"

"பரவாயில்லாம இருந்தது" என்றேன். அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஒருவரும் தலையாட்டவில்லை.

பிறகு சிஸ்டர் ஒரு கடிதத்தை எடுத்து வாசித்தார். முன்பு அங்கே வந்துகொண்டிருந்த கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர், திரும்பக் கடை திறந்துவிட்டதாக எழுதியிருந்தார். "இங்க வர்ற லெட்டர் எல்லாருக்கும் பொது" என்று எனக்கு விளக்கினார் சிஸ்டர். அதன்பின் மதியம்வரை எல்லாரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து காகிதக் கவர் ஒட்டினார்கள். சேர்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு டாக்டர் வந்து பேசினார். கிளம்பும்போது சிஸ்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"ஒண்ணு சொல்லிடறேன் அம்மா. தொடர்ந்து மூணு தடவை வரலைன்னா அந்த இடத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவோம். நிறைய பேர் காத்திருக்காங்க. அப்புறம் இவளுக்கு முடியாமப் போச்சுன்னா மறுபடியும் வார்டுதான்."

வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் திங்கள், புதன், வெள்ளி எல்லாவற்றையும் சிவப்பு மையில் வட்டமிட்டேன்.

அன்று மாலை என் கணவரிடம் ஸ்டேஷன் பொய்யைச் சொன்னேன். அவர் கடற்கரை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் ஆபீசில் குமாஸ்தா. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"சொல்லிட்ட. இனிமே ஒழுங்காச் சொல்லு. அங்க என்ன பண்றாங்க?"

"கவர் ஒட்டறாங்க."

"அப்ப ஸ்டேஷனரி கம்பெனி. மூணு நாள்தான் வேலைன்னா?"

"ஷிஃப்ட்?"

"ஷிஃப்ட். சரி. கம்பெனி பேர் கேட்டா, இப்பதான் ஆரம்பிச்சிருக்காங்க, இன்னும் பேர் வைக்கலைன்னு சொல்லிடு."

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பா, எனக்குப் புரமோஷன் உண்டா?" என்று கேட்டாள். நாங்கள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம். அவள் வேடிக்கையாகப் பேசி ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அடுத்த ஆறு வாரம் அவள் நன்றாகத்தான் இருந்தாள். திங்கள், புதன், வெள்ளி காலையில் அப்பாவுடன் கிளம்புவாள். அவர் எழும்பூரில் இறங்கிப் பஸ் ஏற்றிவிடுவார். மாலையில் தனியாகவே வருவாள். தனியாக வருவதும் வைத்தியத்தில் சேர்த்தி என்று டாக்டர் சொல்லியிருந்தார். பகல் பிரிவில் நடந்ததையெல்லாம் வீட்டில் சொல்வாள். ஹெட் கிளார்க் கதவு பார்ப்பது ஐந்தாகக் குறைந்துவிட்டது. லாரி டிரைவர் ஒட்டும் கவர்தான் எல்லாவற்றிலும் நேர்த்தி. அவள் முகத்தில் சதை பிடித்தது. இரவில் தூங்கினாள். ஒருநாள் பீர்க்கன்கரணை ஏரிக்கரை வரை நடந்து போய்விட்டு வந்தாள். எனக்கு அது ஆகாயத்துக்குப் போய்வந்த மாதிரி இருந்தது.

உத்தியோகமும் கூடவே வளர்ந்தது. எதிர்வீட்டு அக்கா பெண்கள் சங்கத்தின் வருஷ அறிக்கையை எடுத்துவந்து, "நம்ம டைப்பிஸ்ட் இருக்கும்போது வெளியில எதுக்குக் குடுக்கணும்?" என்றார். எட்டுப் பக்கம். என் கணவர் தன் ஆபீசில் மதிய நேரத்தில் ஒவ்வொரு பக்கமாக அடிக்க ஆரம்பித்தார். பிறகு அக்கா வேறொன்று கேட்டார்.

"அங்க ஏதாவது வேகன்சி இருக்குமா? என் தங்கச்சி பொண்ணு சும்மாதான் இருக்கா."

"உள்ள சேர்றது கஷ்டம் அக்கா."

"இவளுக்கு யார் சிபாரிசு?"

"ஒரு டாக்டர்."

"அதானே பாத்தேன்! பெரிய இடத்துச் சிபாரிசு வேணும்."

எங்கள் சபையில் ஒரு வழக்கம். யாருக்காவது வேலை கிடைத்தால் ஞாயிறு ஆராதனையில் போதகர் அறிவிப்பார். பிறகு அந்த வீட்டில், கடவுளுக்கு நன்றி சொல்லி, ஸ்தோத்திர ஜெபம் வைப்பார்கள். நாங்கள் யாரிடமும் கேட்கவில்லை. அக்காவே போதகரிடம் சொல்லி, நாளும் குறித்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளின் நடுவில் போதகர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

"நம்முடைய சபையின் மகள் ஒருவருக்குப் பட்டணத்தில் நல்ல நிறுவனத்தில் உத்தியோகம் கிடைத்திருக்கிறது. வியாழன் மாலை ஐந்தரை மணிக்கு அவர்கள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம். எல்லாரும் வரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

சபை முழுக்கத் திரும்பிச் சிரித்தது. என் கணவர் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதையே உற்றுப் பார்த்தார். என் மகள் மடியில் இருந்த கைகளைப் பார்த்தபடி இருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "அம்மா, இல்லாத வேலைக்கு எல்லாரும் சேர்ந்து நன்றி சொல்லப் போறாங்க. நான் அந்த வார்டிலேருந்து எழுந்து வந்தேனே. அதுக்கு யார் சொன்னாங்க?"

திங்கட்கிழமை காலையில் சேலை மடித்து வைத்திருந்தது. கேரியர் கட்டியிருந்தது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள்.

அந்த முதுகை நான் முன்பே பார்த்திருக்கிறேன். கெஞ்சினேன், அதட்டினேன், அவளுக்குப் பிடிக்கும் என்று உருளைக்கிழங்கு வறுத்தேன். அசையவில்லை. ஒன்றாவது முறை போயிற்று. புதனும் இப்படியே போய், வெள்ளியும் போனால் இடமும் போய்விடும்.

அப்போது நான் செய்ததை ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்தான் செய்திருப்பாள். விடுப்புக் கடிதம் எழுதினேன். சொல்லாமல் வராவிட்டால்தானே ஆப்சென்ட்? முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டால் அது விடுப்பு. பேரை எடுக்க முடியாது. இருபத்தைந்து வருடமாக என் வகுப்பில் இதுதான் சட்டம். அனுப்புநர், பெறுநர், பொருள். அனுப்புநரில் முழு விலாசம் இல்லையென்றால் நான் மார்க் குறைப்பவள். ஆகவே ஸ்டேஷனுக்கு மேற்கே எந்தத் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரே எந்தச் சந்து, எத்தனையாவது வீடு, கேட்டுக்கு என்ன நிறம் என்பதுவரை எழுதினேன்.

காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றது. காய்ச்சல் என்று எழுதலாம். ஆனால் ஒரு பொய்யே வீட்டுக்குள் இவ்வளவு பெரிதாகிவிட்டது, இன்னொன்றுக்கு இடம் ஏது? உண்மையையே எழுதினேன். "வரும் வியாழன் மாலை ஐந்தரை மணிக்கு எங்கள் இல்லத்தில் ஸ்தோத்திர ஜெபம் நடைபெறவிருப்பதால், என் மகளுக்கு இந்த வாரம் மூன்று நாளும் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

என் கணவர் வாசித்துப் பார்த்தார். "வியாதின்னு லீவு எழுதுவாங்க. வைத்தியத்துக்கே லீவு கேக்கற முதல் ஆள் நீதான்." சொல்லிவிட்டு அவரே கொண்டுபோய்த் தபாலில் போட்டார்.

வியாழன் மாலை வீட்டுக்குள் இருபது பேருக்கு மேல். சபையிலிருந்து நாற்காலிகள் வந்திருந்தன. மகள் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தாள். தலைவலி என்று சொல்லிவைத்தேன். புதன்கிழமையும் அவள் போகவில்லை, என் கடிதத்துக்குப் பதிலும் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஓர் இரவுதான் இருந்தது. போண்டா எடுத்து வைக்கும்போதும் அதே நினைப்பு.

"ஆபீஸ்லேருந்து யாரையும் கூப்பிடலையா? மேனேஜரையாவது கூப்பிட்டிருக்கலாமே" என்றார் அக்கா.

முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் கேட் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கோட்டுப் போட்ட ஹெட் கிளார்க். அவருக்குப் பின்னால் லாரி டிரைவர், பேசாத பெண், இன்னும் இரண்டு பேர். டிரைவர் கையில் நூல் போட்டுக் கட்டிய ஒரு கட்டுக் காகிதக் கவர்.

ஹெட் கிளார்க் எனக்கு வணக்கம் சொன்னார். "அழைப்பு கிடைத்தது. நேற்று வட்டத்தில் வாசித்தார்கள். விலாசம் மிகத் தெளிவு. கேட் பச்சை என்று எழுதியதற்கு விசேஷ நன்றி."

"சிஸ்டரும் வந்துகினு கீறாங்க ஆன்ட்டி" என்றார் டிரைவர். "பல்லாவரத்தையே தாம்பரம்னு நெனச்சி எறங்கிட்டாங்க. வண்டி கெளம்பிச்சு. ஒரே பேஜார். அடுத்த வண்டியில வருவாங்க. இந்தா, கவரு. எங்க எல்லார் கையும் இதுல கீது."

அக்கா என் காதருகே வந்தார். "கோட்டுப் போட்டவர்தானே மேனேஜர்?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, ஐயோ என்றா, எனக்கே தெரியாது.

போதகர் பாட்டை முடித்துவிட்டு எழுந்து நின்று வரவேற்றார். "ஐயா, நீங்கள் நம்முடைய மகளைக் குறித்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும்."

ஹெட் கிளார்க் அறையைச் சுற்றிப் பார்த்தார். "வரிசையாக உட்கார்ந்தால் என்னால் பேச முடியாது. வட்டமாக உட்கார வேண்டும்."

மேனேஜர் சொல்லிவிட்டார். இருபத்தைந்து பேரும் எழுந்து, நாற்காலிகளை இழுத்து, சுவரோரமாக வட்டம் போட்டார்கள். அலமாரி குறுக்கே வந்த இடத்தில் இரண்டு பேர் அதையும் நகர்த்தினார்கள். எல்லாரும் உட்கார்ந்த பிறகு அவர் எழுந்து, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"நேற்று கதவு பூட்டியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்தேன். ஒரே முறை."

அவர் உட்கார்ந்தார். பிறகு மூலையில் இருந்த எங்கள் சபையின் வயதான டீக்கன், யாராவது எழுந்து பேசி உட்கார்ந்தால் சொல்லிப் பழகியவர், "ஸ்தோத்திரம்!" என்றார். எல்லாரும் சேர்ந்து "ஸ்தோத்திரம்!" என்றார்கள்.

டிரைவர் எழுந்தார். "நேத்து லாரிகிட்ட போனேன். ஏறல. தொட்டுப் பாத்துட்டு வந்துட்டேன்."

"ஸ்தோத்திரம்!"

பேசாத பெண்ணின் முறை. வட்டம் காத்திருந்தது. எங்கள் ஆட்களும், காரணம் தெரியாமலே, காத்திருந்தார்கள். "இவர் பேச மாட்டார். ஆனால் தாம்பரம்வரை வந்திருக்கிறார்" என்றார் ஹெட் கிளார்க்.

"ஸ்தோத்திரம்!" இது கொஞ்சம் பலமாகவே வந்தது.

அடுத்த நாற்காலியில் போதகர். அவர் பிரசங்கக் குறிப்பை எடுத்தார். பகல் பிரிவின் ஐந்து முகங்களும் அவர் பக்கம் திரும்பி, நேற்றைக்காகக் காத்திருந்தன. குறிப்பை மடித்துப் பைபிளுக்குள் வைத்தார். "நேற்று... நேற்று மத்தியானம் கமிட்டிக் கூட்டம் முடிந்ததும், சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அறை சுத்தம் செய்கிறேன் என்று வீட்டில் சொன்னேன்."

கமிட்டிக்காரர்கள் மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். அவர்களும் "ஸ்தோத்திரம்" சொல்ல வேண்டியதாயிற்று.

எதிர்வீட்டு அக்கா, "என்னைத் தாண்டிப் போங்க" என்றார். தாண்டிப் போனார்கள். என் கணவர் எழுந்தார்.

"நேத்து ஆபீஸ்ல பெண்கள் சங்க அறிக்கையோட ஏழாம் பக்கம் டைப் அடிச்சேன். முதல் ஆறு பக்கமும் நான்தான் அடிச்சேன். என் பொண்ணுக்கு டைப் தெரியாது."

அக்காவின் தலை சட்டென்று நிமிர்ந்தது. என் முறை வந்தது. முதல் நாள் அந்த வட்டத்தில் பரவாயில்லை என்று சொன்னது ஞாபகம் வந்தது. ஐந்து பேருக்கும் அது ஞாபகம் இருந்திருக்க வேண்டும். அப்படித்தான் பார்த்தார்கள்.

"நேத்து என் பொண்ணு சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தா. நான் அந்தக் கதவுக்கு வெளியில உக்காந்திருந்தேன். அவ எந்த வேலைக்கும் போகல. அஞ்சு வாரம் வார்டுல இருந்தா. இப்ப வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்குப் போறா. நல்லாத்தான் ஆகிட்டு வந்தா. நான் சொன்ன பொய்யால நின்னுட்டா. நாளைக்கும் போகலைன்னா அவ இடம் போயிடும். மறுபடியும் அந்த வார்டு..."

யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. டீக்கன்கூடச் சொல்லவில்லை. ஹெட் கிளார்க் மட்டும் மெதுவாகத் தலையாட்டினார்.

உள்ளறைக் கதவு திறந்தது. கலைந்த தலையும் கசங்கிய சேலையுமாக அவள் நின்றாள். வட்டத்தைப் பார்த்தாள். கவர்க் கட்டைப் பார்த்தாள்.

"எனக்கு இடம் விட்டிருக்கீங்களா?"

டிரைவர் தன் நாற்காலியை நகர்த்தினார். பேசாத பெண் தன் நாற்காலியை மறுபக்கம் நகர்த்தினார். இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேத்து நல்லாவே இல்ல" என்றாள்.

"ஸ்தோத்திரம்!" என்றார் டீக்கன். சொன்ன பிறகுதான் உணர்ந்து, வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் சிரித்தது என் மகள். பிறகு போதகர். பிறகு நிறுத்தவே முடியாமல் எல்லாரும் சிரித்தார்கள். நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

டீ ஊற்றும்போது அக்கா பின்னாலேயே வந்தார். கோபித்துக்கொள்வார் என்று கெட்டிலைக் கீழே வைத்தேன். அவர் டம்ளர்களைத் தட்டில் அடுக்கினார். கடைசி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"தங்கச்சி பொண்ணுக்குன்னு வேகன்சி கேட்டேனே. எனக்குன்னு கேட்டா சேத்துப்பாங்களா?"

கெட்டிலை எடுத்து, அவர் கையிலிருந்த டம்ளரில் டீ ஊற்றும்போது மறுபடியும் கேட் சத்தம். பல்லாவரத்தில் இறங்கிய சிஸ்டர் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கவில்லை. பையைத் திறந்து என் விடுப்புக் கடிதத்தை எடுத்து, எல்லாருக்கும் நடுவில் என்னிடம் நீட்டினார்.

"என்ன டீச்சர், படிச்சவங்க நீங்க. லீவு அவளுக்கு, கையெழுத்து மட்டும் உங்களுதா? இதை நாங்க சாங்ஷன் பண்ணல." பிறகு ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் மகளிடம் திரும்பினார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை. பத்து மணி. லேட்டா வந்தா கதவோர நாற்காலிதான் கிடைக்கும், சொல்லிட்டேன்."